கல்வி மட்ட வரைபை எப்படி விவரிப்பது? வயது, பால் வாரியான வரைபுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியில் மாலை நேரத்தில் புள்ளிவிபர வகுப்பு நடத்துகிறேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் ஆய்வறிக்கையின் நான்காம் அத்தியாயத்தோடு வருகிறார்கள். பிரதேச செயலகங்களில் வேலை செய்யும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆண்டறிக்கையோடு வருகிறார்கள். வெளிநாடு போவதற்காக ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறவர்களும் வருகிறார்கள். எல்லோர் கையிலும் பெரும்பாலும் ஒரே வகை வரைபுதான் இருக்கும். கீழே வயதுப் பிரிவுகள், ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், சலாகைகளின் (நிமிர்ந்த பட்டைகளின்) உயரத்தில் கல்வி மட்டம். கேள்விகளும் அதே கேள்விகள்தான். அவற்றை எளிதானதில் தொடங்கிக் கடினமானதை நோக்கி அடுக்கியிருக்கிறேன்.

உதாரணமாக வரும் கிராமக் கணக்குகள் எல்லாம் பயிற்சிக்காக நான் அமைத்தவை. எந்த ஊரின் உண்மைக் கணக்கும் அல்ல.

1. ரீச்சர், வரைபைப் பார்த்தவுடன் எதை முதலில் எழுத வேண்டும்?

எழுதுவதற்கு முன்னர் நான்கு விடயங்களை வாசியுங்கள். தலைப்பு, இரண்டு அச்சுகள், நிறங்களுக்கான விளக்கம், எந்த ஆண்டின் தரவு என்ற குறிப்பு. நிலைக்குத்து அச்சு 0 இல் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 60 இல் தொடங்கினால் 64 க்கும் 68 க்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசம் இரண்டு மடங்கு போலத் தெரியும்.

முதல் வாக்கியத்தில் யாரைப் பற்றிய வரைபு, எந்த இடம், எந்த ஆண்டு, எதை அளக்கிறது என்பவை வந்துவிட வேண்டும். "25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எட்டிய கல்வி மட்டத்தை, வயதுப் பிரிவு, பால் வாரியாக இவ்வரைபு காட்டுகிறது" என்பது போதும். "கல்வி ஒரு சமூகத்தின் கண்" என்ற முன்னுரை வேண்டாம். வாசிப்பவர் தரவுக்காகக் காத்திருக்கிறார்.

2. ஒவ்வொரு சலாகையையும் எழுத வேண்டுமா? எட்டு வயதுப் பிரிவு, ஆறு மட்டம், இரண்டு பால். தலை சுற்றுகிறது.

மொத்தம் 96 எண்கள். எல்லாவற்றையும் எழுதினால் அட்டவணையை வாக்கியமாக மாற்றியது மட்டுமே மிஞ்சும். மிக உயர்ந்தது, மிகத் தாழ்ந்தது, ஆணும் பெண்ணும் மிக விலகி நிற்கும் இடம், இருவரும் சமமாகும் இடம், பொதுப் போக்குக்கு ஒத்துவராத ஒன்று. இந்த ஐந்தையும் தேடி எடுங்கள். மற்றவை வரைபிலேயே இருக்கட்டும்.

3. எண்ணிக்கையை எழுதுவதா, சதவீதத்தை எழுதுவதா?

ஒப்பிடுவதற்குச் சதவீதம். திட்டமிடுவதற்கு எண்ணிக்கை. 2012 தொகைமதிப்பின்படி (குடிசனக் கணக்கெடுப்பின்படி) அம்பாறை மாவட்டத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர், மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். இரண்டு மாவட்டங்களிலும் கல்வி நிலை ஒன்றாகவே இருந்தாலும் அம்பாறையில் பட்டதாரிகளின் தொகை கூடுதலாகத்தான் வரும். அதை வைத்து "அம்பாறை முன்னணியில் உள்ளது" என்று எழுதினால் அது சனத்தொகையைப் பற்றிய செய்தி, கல்வியைப் பற்றியது அல்ல.

வயோதிபருக்கான வாசிப்பு வகுப்புக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று கேட்டால், அங்கே சதவீதம் உதவாது.

4. "பட்டதாரிப் பெண்கள் 60 சதவீதம்" என்று எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் கீறிவிட்டார். எண் சரியாகத்தானே இருக்கிறது?

எண் சரி. வாக்கியம் இரண்டு பொருள் தருகிறது. ஒரு கிராமத்தில் 150 பெண்கள், மொத்தப் பட்டதாரிகள் 20 பேர், அவர்களில் பெண்கள் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். "பட்டதாரிகளில் 60 சதவீதத்தினர் பெண்கள்" என்பது உண்மை. "பெண்களில் 8 சதவீதத்தினர் பட்டதாரிகள்" என்பதும் உண்மை. அதே 12 பேர்தான், ஆனால் முதலாவதை 20 ஆல் வகுத்தோம், இரண்டாவதை 150 ஆல் வகுத்தோம். "பட்டதாரிப் பெண்கள் 60 சதவீதம்" என்று எழுதும்போது எதனால் வகுத்தோம் என்பது மறைந்துவிடுகிறது.

இதற்குத் தமிழில் அருமையான கருவி இருக்கிறது: "இல்" என்ற வேற்றுமை உருபு. சதவீதம் எழுதும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னே "யாரில்?" என்று கேட்டு, விடையை "இல்" சேர்த்து எழுதுங்கள். "35 – 44 வயதுப் பெண்களில்", "உயர்தரம் சித்தியடைந்தோரில்". இந்த ஓர் உருபை விடாமல் எழுதப் பழகியவர்களுக்கு என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி வருவதே இல்லை.

இதில் நான் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை ஓர் அறிக்கையில் இந்த வாக்கியம் தலைகீழாகி, "பெண்களில் 60 சதவீதத்தினர் பட்டதாரிகள்" என்று கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அந்தப் பிரிவுப் பெண்களுக்கு இனிக் கல்வி உதவி அவசரமில்லை என்று ஒருவர் உடனே சொன்னார். அந்த அறையில் இருந்த யாரும் மறுக்கவில்லை, எண் அச்சில் இருந்ததால்.

5. 18 சதவீதம் 27 சதவீதமாகக் கூடினால் 9 சதவீதம் கூடியது என்று எழுதலாமா?

"9 சதவீதப் புள்ளிகள் கூடியது" என்று எழுதுங்கள். சதவீதத்தில் சொன்னால் அது 50 சதவீத அதிகரிப்பு, ஏனென்றால் 9 என்பது 18 இன் பாதி. "புள்ளி" என்ற சொல் விடுபட்டால் பொருள் மாறிவிடும்.

6. சாதாரண தரம் "வரை படித்தவர்" என்றால் சித்தியடைந்தவரா, தோற்றியவரா?

அந்தத் தொடரில் இரண்டும் அடங்கும். அதனால்தான் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். பதினோராம் ஆண்டு முடித்தவர், பரீட்சைக்குத் தோற்றியவர், க.பொ.த. (சா/த), அதாவது கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தரம், சித்தியடைந்தவர் ஆகிய மூவரும் வேறு வேறு ஆட்கள். வரைபின் குறிப்பில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எடுத்தாளுங்கள். நீங்களே கள ஆய்வு செய்திருந்தால், வினாக்கொத்தில் கேட்ட சொல்லை எடுத்தாளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். "சாதாரண தரம்" என்ற சலாகை அதுவே உச்சமாக உள்ளவர்களை மட்டும் காட்டுகிறதா, அதற்கு மேலே போனவர்களையும் சேர்க்கிறதா? ஒரு வயதுப் பிரிவில் எல்லா மட்டங்களும் கூடி 100 வந்தால் "அதுவே உச்சம்" என்று பொருள். 100 ஐத் தாண்டினால் "அந்த மட்டமும் அதற்கு மேலும்" என்று பொருள். இந்தக் கூட்டலுக்கு அரை நிமிடம்தான் ஆகும்.

7. "பாடசாலை செல்லாதோர்" என்ற பிரிவைப் "படிப்பறிவில்லாதோர்" என்று எழுதினால் என்ன?

எழுதக் கூடாது. எழுத்தறிவு வேறு, பாடசாலைக் கல்வி வேறு. எழுத்தறிவு என்பது வாசிக்கவும் எழுதவும் முடியுமா என்ற தனிக் கேள்வி. கல்வி மட்டம் என்பது எந்த வகுப்பு, எந்தப் பரீட்சை என்ற கேள்வி.

நம் பகுதியில் இந்த வேறுபாடு வெறும் சொல் விளக்கம் அல்ல. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் ஏட்டைப் பார்த்துப் பாடும் முதியவர்களில் பாடசாலையை அதிகம் காணாதவர்கள் இருக்கிறார்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் குர்ஆனை ஓதி, அரபுத் தமிழையும் (அரபு எழுத்தில் எழுதிய தமிழையும்) சரளமாக வாசித்த மூதாட்டிகள் இருந்திருக்கிறார்கள். வரைபில் இவர்கள் கடைசி நிரலில், பெரும்பாலும் மிக மங்கிய நிறத்தில் இருப்பார்கள். அவர்களை "அறிவில்லாதோர்" என்று எழுத எந்தத் தரவும் நமக்கு அனுமதி தரவில்லை. "பாடசாலைக் கல்வி பெறாதோர்" என்று எழுதுங்கள்.

"பெறாதோர்" என்ற சொல்லை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறேன். கிடைக்காததால் பெறாமல் போனவர்கள்தான் அந்த நிரலில் அதிகம்.

8. 15 – 19 வயதில் பட்டதாரிகள் எவரும் இல்லை என்று வரைபு காட்டுகிறது. இதை ஒரு குறையாக எழுதலாமா?

அவர்கள் இன்னும் பாடசாலையில் இருக்கிறார்கள். இந்தப் பிரிவிலும் 20 – 24 இலும் "எட்டிய மட்டம்" என்பது பாதி வழியில் எடுத்த படம். முடிந்த கல்வியை ஒப்பிட விரும்பினால் 25 வயதிலிருந்து தொடங்குங்கள். உலக நாடுகளை ஒப்பிடும்போதும் 25 வயதும் அதற்கு மேலும் என்ற எல்லையே வழக்கத்தில் உள்ளது. வரைபில் 15 – 19 இருந்தே தீரும் என்றால், "கற்றலைத் தொடர்பவர்கள் இதில் அடங்குவர்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள்.

9. இளையவர்களிடம் "இடைநிலைக் கல்வி" சலாகை முதியவர்களுடையதைவிடக் கட்டையாக இருக்கிறது. கல்வி வீழ்ச்சியடைந்திருக்கிறதா?

முதலில் 6ஆம் கேள்வியின் கூட்டலைச் செய்யுங்கள். அது "அதுவே உச்சம்" வகை வரைபாக இருந்தால், இடைநிலைச் சலாகை கட்டையாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் கீழே நின்றுவிட்டிருக்கலாம், அல்லது மேலே ஏறிப் போயிருக்கலாம். ஆரம்பக் கல்வியோடு நின்றவர்கள் குறைந்து, சாதாரண தரமும் உயர்தரமும் கூடியிருந்தால் ஏறிப் போயிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வரைபை மேலிருந்து கீழாக விவரியுங்கள்: "உயர்தரமும் அதற்கு மேலும்", பிறகு "சாதாரண தரமும் அதற்கு மேலும்". நடு நிரலைத் தனியே பிடித்து எழுதினால் முன்னேற்றத்தை வீழ்ச்சி என்று எழுதிவிடுவீர்கள்.

10. "பெண்களுக்கு வயது கூடக் கூடக் கல்வி மட்டம் குறைகிறது" என்று எழுதலாமா? வரைபு அப்படித்தானே இறங்குகிறது?

அதிகம் திருத்தப்படும் வாக்கியம் இதுதான். பெற்ற சான்றிதழ் வயதானதும் கரைந்துவிடாது. 65 வயதுப் பெண்ணும் 25 வயதுப் பெண்ணும் வேறு வேறு மனிதர்கள், வேறு காலத்தில் பாடசாலைக்குப் போனவர்கள். ஆகவே "முதிய வயதுப் பிரிவினரிடையே குறைவாகவும் இளைய வயதுப் பிரிவினரிடையே கூடுதலாகவும் உள்ளது" என்று எழுதுங்கள். "கூடக் கூட", "ஆக ஆக" போன்ற தொடர்கள் ஒரே ஆள் மாறுவதுபோல ஒலிக்கும். இந்த வகை வரைபில் அவற்றை விட்டுவிடுங்கள்.

என் மாணவர்களிடம் வயது அச்சுக்குக் கீழே பென்சிலால் பிறந்த ஆண்டை எழுதச் சொல்வேன். உடனே வரைபு பேசத் தொடங்கிவிடும். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அப்போது 5 வயதாக இருந்தவர்கள் 2012 தொகைமதிப்பில் ஏறக்குறைய 72 வயதினர். 1990 இல் கிழக்கில் போர் மீண்டும் மூண்டபோது 5 முதல் 14 வயதுக்குள் இருந்தவர்கள் 2012 இல் ஏறக்குறைய 27 முதல் 36 வயதுக்குள்ளும், 2024 தொகைமதிப்பில் 39 முதல் 48 வயதுக்குள்ளும் வருகிறார்கள். 5 முதல் 14 வயது வரையான கட்டாயக் கல்வி 1998 இல் நடைமுறைக்கு வந்தபோது பாடசாலையில் சேர்ந்தவர்கள் 2024 இல் முப்பதைத் தாண்டியிருக்கிறார்கள். வயது அச்சு நம் ஊரின் வரலாற்றைச் சுமக்கிறது என்பதை இந்தப் பென்சில் குறிப்பு இல்லாமல் காண முடியாது.

ஒரு எச்சரிக்கை. இன்று 70 வயதில் எண்ணப்படுகிறவர்கள் உயிரோடு இருப்பவர்கள், ஊரில் இருப்பவர்கள். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் போனவர்களும், கனடாவுக்கோ சுவிஸுக்கோ குடிபெயர்ந்தவர்களும் அந்தச் சலாகையில் இல்லை. ஆகவே "அக்காலத்தில் இத்தனை பேர் படித்தனர்" என்று எழுதாமல், "அத்தலைமுறையில் இன்று இங்கு வசிப்போரில் இத்தனை பேர்" என்று எழுதுங்கள்.

11. அப்படியானால் காரணத்தையும் எழுதலாம் அல்லவா?

எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். (IELTS) ஆங்கிலப் பரீட்சையின் கல்விப் பிரிவில், எழுத்தின் முதற்பணிக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். அங்கே தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். போரையும் வறுமையையும் அதற்குள் கொண்டுவந்தால் புள்ளி கூடுதலாகக் கிடைக்காது, நேரம்தான் போகும். பொதுப் போக்கைச் சொல்லும் ஒரு வாக்கியத்தை மறக்காதீர்கள். நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது அதைத்தான்.

ஆய்வறிக்கையில் காரணம் எழுதலாம், ஆனால் விவரணை முடிந்த பிறகு, தனிப் பந்தியில், ஆதாரத்தோடு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பெண்கள் குறைவாகப் படித்திருப்பதற்கு வாவியைக் கடக்கும் சிரமமே காரணம் என்று ஒரு மாணவி எழுதினாள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அங்கே பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. ஊகம் நியாயமானது. ஆனால் அவளுடைய வரைபில் வாவியும் இல்லை, பாதையும் இல்லை. பிறகு இருபது தாய்மாரிடம் பேசி, அவர்கள் சொன்னதை எழுதி வந்தாள். அந்த அத்தியாயம் அப்போதுதான் உறுதியாக நின்றது.

12. ஒரு மாதிரிப் பந்தி எழுதிக் காட்ட முடியுமா?

உயர்தரமோ அதற்கு மேலோ சித்தியடைந்தோரின் சதவீதம் இப்படி இருப்பதாகக் கொள்வோம். 25 – 34 வயதில் ஆண் 30, பெண் 42. 35 – 44 இல் ஆண் 28, பெண் 31. 45 – 54 இல் ஆண் 25, பெண் 22. 55 – 64 இல் ஆண் 21, பெண் 15. 65 உம் அதற்கு மேலும் ஆண் 18, பெண் 7.

"இரு பாலாரிலும் இளைய வயதுப் பிரிவினரே உயர்தரத்தையோ அதற்கு மேற்பட்ட மட்டத்தையோ கூடுதலாக எட்டியுள்ளனர். எனினும் தலைமுறைகளுக்கிடையிலான வேறுபாடு பெண்களிடமே பெரிது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 7 சதவீதத்தினரே இம்மட்டத்தை எட்டியிருக்க, 25 – 34 வயதுப் பெண்களில் 42 சதவீதத்தினர் எட்டியுள்ளனர். ஆண்களில் இதே பிரிவுகளுக்கிடையிலான வேறுபாடு 12 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. 45 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிரிவுகளிலும் ஆண்கள் முன்னிற்க, 45 வயதுக்குக் குறைந்த இரு பிரிவுகளிலும் பெண்கள் முன்னிற்கின்றனர்."

பத்து எண்களில் எத்தனையை எடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மட்டுமே நேரடியாக வருகின்றன.

13. எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் 75 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 12.5 சதவீதத்தினர் பட்டதாரிகள். மாவட்டத்திலேயே அதிகம் என்று எழுதலாமா?

எத்தனை பேர் என்று கேட்டேன். எட்டுப் பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் மகளுடைய வீட்டுக்கு மாறிப் போனால் 12.5 அன்றே 0 ஆகிவிடும். "எண்மரில் ஒருவர்" என்று எழுதுங்கள், அல்லது 65 க்கு மேற்பட்டோர் எல்லோரையும் ஒரே பிரிவாகச் சேருங்கள். சிறிய ஊரில் அந்த ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவருடைய விபரத்தைச் சந்திக்குக் கொண்டுவர நமக்கு உரிமை இல்லை.

14. 1953, 1963, 1981, 2012 தொகைமதிப்புகளை எடுத்து மட்டக்களப்புக்கு ஒரு கோட்டு வரைபு வரைந்திருக்கிறேன். சரியா?

இரண்டு இடங்களில் தடுமாறும். முதலாவது, அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 1953 இன் "மட்டக்களப்பு" என்பது இன்றைய இரண்டு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1963 இன் புள்ளியோடு அதைக் கோடிட்டு இணைத்தால், எல்லை மாறியதால் வந்த வேறுபாட்டைக் கல்வி மாற்றம் என்று காட்டிவிடுவீர்கள். இரு மாவட்டங்களையும் சேர்த்து வரையுங்கள், அல்லது 1963 இலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, 1981 க்கும் 2012 க்கும் இடையே 31 ஆண்டுகள். 2001 தொகைமதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. அம்பாறை அவற்றில் ஒன்று, மட்டக்களப்பு இல்லை. கிடை அச்சில் ஆண்டுகளைச் சம இடைவெளியில் வைக்காமல் உண்மையான தூரத்தில் வையுங்கள். 1981 இலிருந்து 2012 வரை புள்ளிக்கோடு போட்டு, "இடைப்பட்ட காலத்துக்கு முழுமையான தொகைமதிப்பு இல்லை" என்று எழுதுங்கள். அந்த வெற்றிடத்துக்குள் ஒரு முழுத் தலைமுறை பாடசாலைக்குப் போய் வந்திருக்கிறது, அல்லது போக முடியாமல் இருந்திருக்கிறது. நேர்கோடு அதை மூடிவிடக் கூடாது.

15. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் பெண்கள் முன்னே. மொத்தத்தில் மட்டும் ஆண்கள் முன்னே. கணக்குப் பிழையா?

மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியோடு வருவார்கள். பிழை இல்லாமலும் இப்படி வரும். 200 ஆண்களில் 150 பேர் இளையோர், 50 பேர் முதியோர். உயர்தரம் சித்தி: இளையோரில் 60 பேர், அதாவது 40 சதவீதம். முதியோரில் 5 பேர், அதாவது 10 சதவீதம். மொத்தம் 65 பேர், 32.5 சதவீதம். 200 பெண்களில் 80 பேர் இளையோர், 120 பேர் முதியோர். இளையோரில் 36 பேர், 45 சதவீதம். முதியோரில் 15 பேர், 12.5 சதவீதம். மொத்தம் 51 பேர், 25.5 சதவீதம். இரு பிரிவிலும் பெண்களே முன்னே, மொத்தத்தில் பின்னே. பெண்களில் முதியோர் அதிகம் என்பதும், முதியோர் இரு பாலிலும் குறைவாகப் படித்தவர்கள் என்பதும்தான் காரணம்.

நம் ஊர்களில் இப்படி அமைவதற்கு இடமுண்டு. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். இளம் பெண்களில் ஒரு பகுதியினர் மத்திய கிழக்கு நாடுகளில் வேலை செய்கிறார்கள், எண்ணும் நாளில் வீட்டில் இருப்பதில்லை. இந்த நிலையில் மொத்தத்தை மட்டும் எழுதினால் பெண்களுக்கு அநீதி, வயது வாரியாக மட்டும் எழுதினால் முதிய பெண்களின் பெரிய தொகை மறைந்துபோகும். இரண்டையும் எழுதி, 4ஆம் கேள்வியில் சொன்ன "யாரில்" என்பதை ஒவ்வொன்றின் முன்னும் வையுங்கள்.

16. என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இந்த வரைபை எப்படிச் சொல்வது?

நிறத்தைச் சொல்லாதீர்கள். "நீலச் சலாகை உயர்கிறது" என்பது அவளுக்கு எதையும் தராது. முதலில் எத்தனை வயதுப் பிரிவு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லுங்கள். பிறகு பெண்களை மட்டும் இளைய பிரிவிலிருந்து முதிய பிரிவு வரை ஒரே மூச்சில், பிறகு ஆண்களை அதே வரிசையில். 12ஆம் கேள்வியின் எண்களானால்: "பெண்கள் 42, 31, 22, 15, 7. ஆண்கள் 30, 28, 25, 21, 18." இங்கே 2ஆம் கேள்வியில் சொன்ன சிக்கனம் வேண்டாம், அவளிடம் திரும்பிப் பார்க்க வரைபு இல்லை.

அதன் பிறகு நிறுத்துங்கள். யார் எங்கே முந்துகிறார்கள் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நான் இப்படி வாசித்துக் காட்டிய ஒருத்தி, ஆண்களின் வரிசை முடிந்ததும், "நாற்பத்தைந்தில் மாறுகிறது" என்று தானே சொன்னாள்.